நாலாம் நம்பர்

வண்ணாரப்பேட்டையில் மிக்கேலின் பில்லியர்ட்ஸ் மாடியில்
ஆறு கியூக்கள் சுவரோடு சாய்ந்து நிற்கும்.
ஒன்றுக்கு டிப் கிடையாது.
இரண்டு, மழைக்காலத்தில் மட்டும் நேராகும்.
நாலாம் நம்பர் என்னுடையது என்பது
எனக்கு மட்டும் தெரியும்.
இடப்பக்கம் ஒரு நூல் தள்ளிக் குறிவைத்தால்
பந்து தானாகக் குழிக்குப் போகும்.
ஞாயிற்றுக்கிழமை அதை லூர்து எடுத்துவிட்டால்
அன்றைக்கு எனக்கு ஆட்டம் இல்லை.

செல்போனில் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன்.
இரண்டு துண்டு, நடுவில் பித்தளை மரை,
கறுப்புப் பிடி. உறையோடு சேர்த்து
எழுநூற்று நாற்பத்தொன்பது.
மேப்பிள் மரம் என்று போட்டிருக்கிறது.
அந்த விலைக்கு மரத்தோட படம்தான் வரும் என்கிறான் மிக்கேல்.
"எட்டாயிரம் கொண்டா, சென்னையில சொல்லி எடுத்துத் தாரேன்.
இல்லன்னா நாலாம் நம்பரக் கட்டிக்கிட்டு அழு."

பார்சலுக்குப் பதினான்கு ரூபாய் எனக்கு.
ஐம்பத்து நாலு கதவு தட்டினால் எழுநூற்று ஐம்பத்தாறு.
கியூ போக மிச்சம் ஏழு ரூபாய், ஒரு டீக்குக் காணாது.
பெட்ரோலை இதில் சேர்க்கவில்லை.
சேர்த்தால் வாங்க மனசு வராது.
எட்டாயிரத்துக்கு ஐந்நூற்று எழுபத்திரண்டு கதவு.
பாதி வீட்டில் நாய்.

செவ்வாய்க்கிழமை மேலப்பாளையத்தில் ஒரு ரிட்டர்ன்.
நீளப் பெட்டி. அதே கறுப்புப் பிடி.
உம்மு சல்மா பீடித்தட்டைத் தள்ளிவைத்து எழுந்து வந்தாள்.
"மவன் கோணல்ங்கான். எனக்கு நேராத்தான் தெரியுது.
நீங்க உருட்டிப் பாருங்க."
டைல்ஸ் தரையில் உருட்டினேன்.
பிடி ஒழுங்காகப் போயிற்று.
நுனி மட்டும், மாத்திரை முழுங்க மறுக்கும் பிள்ளைபோல்
தலையைத் தலையை ஆட்டிற்று.

இனி இது கிட்டங்கிக்குப் போகும்.
யாரோ புது டேப் ஒட்டுவான்.
புதுசு என்று இன்னொரு ஊருக்கு லாரி ஏறும்.
அந்த இன்னொரு ஊர் என் ஊராக இருந்தால்?
ஈரடுக்குப் பாலத்துக்குக் கீழே வண்டியை நிறுத்தி
பிடியின் அடிரப்பரில்
நீலப் பேனாவால் எள்ளளவு ஒரு புள்ளி வைத்தேன்.
தப்புதான். வேலை போகிற தப்பு.

அன்று ராத்திரியே ஆர்டர் போட்டேன்.
கோணல் எது என்று தெரிந்துவிட்டதால்
மற்றதெல்லாம் நேர் என்று
மனசு கணக்குப் போட்டிருக்கலாம்.

ஆறாம் நாள் தச்சநல்லூர் கிட்டங்கியில்
என் குவியலில் என் பெயர்:
ஆறுமுகநயினார், மனக்காவலம்பிள்ளை நகர்.
என் வீட்டுக்கு நானே கொண்டுபோய்
என் போனுக்கு வந்த ஓடிபியை
எனக்கே சொல்லி, நானே சரிபார்த்தேன்.
இதற்கும் பதினான்கு ரூபாய் உண்டு.

டேப்பைக் கிழித்துப் பிடியைத் திருப்பினேன்.
நீலப் புள்ளி இல்லை.
அப்பாடா என்று விட்ட மூச்சு பாதியில் நின்றது.
புள்ளி இருந்திருக்க வேண்டிய இடத்துக்குக் கொஞ்சம் மேலே
பச்சை மையில் சின்னதாய் ஒரு பெருக்கல் குறி.

ஈரோடோ கடப்பாவோ, எந்தப் பாலத்து நிழலோ.
பயந்து பயந்துதான் போட்டிருக்கிறான்,
ஒரு கோடு நடுங்கியிருக்கிறது.
கோணல் என்றானா,
பார்த்தாச்சு, பரவாயில்லை என்றானா?

"வாங்கிட்டியாலே?" மிக்கேல்
இரண்டாம் மேசையில் பந்துகளை ஒதுக்கிக் கொடுத்தான்.
மரையைத் திருகிப் பச்சைத் துணிமேல் உருட்டினேன்.
ஆடிற்று. ஆடியது நுனியா மேசையா தெரியவில்லை.
"மேசையே ஒரு பக்கம் எறக்கம்லா" என்றான் அவன்,
ஏதோ மேசை என்னுடையது என்பதுபோல.
"நல்லாத்தான இருக்கு" என்றான் லூர்து
நாலாம் நம்பரை மார்போடு பிடித்துக்கொண்டு.

திருப்பி அனுப்ப ஏழு நாள் இருக்கிறது.
எடுத்துப்போக வருகிறவனும் நான்தான்.